சம்ப் வைத்த மீன் தொட்டி: ஒழுகினால், களகளத்தால், வழிந்தால்

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு நாலடித் தொட்டி வைத்தேன். சென்னை கொளத்தூரில் சொல்லிச் செய்தது. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழே ஸ்டாண்டுக்குள் இரண்டரை அடி சம்ப், அதாவது இன்னொரு சின்னத் தொட்டி. மேல் தொட்டியின் மூலையில் ஒரு கண்ணாடித் தடுப்பு இருக்கும். தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே விழுந்து பைப் வழியாகச் சம்புக்கு இறங்கும், பம்ப் அதைத் திரும்ப மேலே தள்ளும். கேட்டால் அரை நாள் வேலை போலத்தான் தெரியும். எனக்கு மீன் விட ஐந்து வாரம் ஆனது.

அந்த ஐந்து வாரத்தில் பார்த்த கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் தொட்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் இரண்டு விஷயம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றிவிட்டு அரை மணி சும்மா இருங்கள். வால்வையும் திருகி, பைப்பையும் வெட்டி, பம்பையும் நகர்த்தினால் எது சரி செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். அப்புறம், ஹார்டுவேர் கடை மூடிய பிறகு பைப்பில் ஆக்ஸா பிளேடு வைக்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒரு முக்கால் இஞ்ச் கப்ளிங் இல்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒட்டிய இணைப்பில் சொட்டுகிறது

முதலில் எந்த இணைப்பு என்று பிடிக்க வேண்டும். மேலே கசியும் தண்ணீர் பைப்பின் வெளிப்பக்கமாகவே இறங்கி, கீழே இருக்கும் எல்போவில் (வளைவு இணைப்பில்) போய்த் தொங்கும். நாம் எல்போவைத் திட்டிக்கொண்டிருப்போம். பைப்பை முழுக்கத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ பேப்பரை ஒரு சுற்று சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். அரை மணி கழித்து மேலிருந்து கீழே தொட்டுக்கொண்டே வாருங்கள். முதலில் ஈரமாக இருக்கும் பேப்பருக்கு மேலே உள்ளதுதான் குற்றவாளி. போர் தண்ணீர் என்றால் இன்னும் சுலபம். நாலைந்து நாள் கசிந்த இடத்தில் பழைய சுவரில் பூப்பது போல வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

பம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் என் ரிட்டர்ன் லைனில் ஒரே வாரத்தில் மூன்று இணைப்பு கசிந்தன. பசை போதவில்லை என்று நினைத்து, அடுத்த தடவை குழைத்துக் குழைத்துப் பூசினேன். அதுவும் கசிந்தது. கடைசியில் தெரிந்த பிளம்பர் ஒருவரைக் கூப்பிட்டேன். வெட்டிப் போட்ட துண்டு ஒன்றைக் கையில் எடுத்து, ஃபிட்டிங்கில் செருகி ஆட்டிக் காட்டினார். லொடலொடவென்று ஆடியது.

"சார், பைப்பு வயலுக்குப் போடறது. ஃபிட்டிங் வீட்டுக்குப் போடறது. ரெண்டுக்கும் எப்படி சார் சேரும்?"

சங்கதி இதுதான். சாம்பல் நிற விவசாய பைப் மில்லிமீட்டர் கணக்கில் வரும். 25 மி.மீ. பைப் என்றால் வெளி விட்டம் 25 மி.மீ. வீட்டு வேலைக்கு வரும் வெள்ளை யூபிவிசி இஞ்ச் கணக்கு. முக்கால் இஞ்ச் பைப்பின் வெளி விட்டம் 26.7 மி.மீ. ஒரு இஞ்ச் என்றால் 33.4 மி.மீ., விவசாய பைப்பில் அதற்குப் பக்கத்தில் வருவது 32. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் நாம் பூசும் சால்வென்ட் சிமென்ட் இடைவெளியை அடைக்கும் பசை இல்லை. இரண்டு பிளாஸ்டிக் பரப்பையும் கரைத்து ஒன்றாக்குவதுதான் அதன் வேலை. இடைவெளி இருந்தால் எவ்வளவு பூசினாலும் வீண். பைப், ஃபிட்டிங் இரண்டையும் ஒரே வகையில் வாங்குங்கள். வாங்கும்போதே கவுன்டரில் செருகிப் பாருங்கள். சரியான ஜோடி என்றால், பசை இல்லாமல் பாதி தூரம் போனதும் இறுகி நின்றுவிடும்.

அந்த "பாதி தூரம்" இன்னொரு வில்லங்கம். பசை போடாமல் எல்லாவற்றையும் செருகி அளவு பார்த்து வைத்தால், பசை போட்டதும் பைப் வழுக்கிக்கொண்டு அடி வரைக்கும் போய்விடும். ஒவ்வொரு இணைப்பிலும் அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் குறையும். ஆறு இணைப்பு இருந்தால் கடைசி எல்போ தொட்டிக்கு எட்டாது. ஃபிட்டிங்கின் உள் ஆழத்தை அளந்து, பைப்பில் பென்சில் கோடு போட்டு, அந்தக் கணக்கில் வெட்டுங்கள். ஒட்டும் முறை தெரிந்ததுதான்: வெட்டிய விளிம்பின் பிசிறை உப்புத்தாளால் எடுத்து, இரண்டு பக்கமும் பூசி, கால் சுற்று திருகியபடி கோடு வரை தள்ளி, அரை நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். விட்டால் பைப் தானாக வெளியே வரும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகுதான் தண்ணீர்.

ஏற்கெனவே கசிவதை வெளியிலிருந்து அடைக்க முடியுமா? சிலிகான் பிவிசியில் சரியாகப் பிடிக்காது, ஒரு மாதத்தில் தோல் மாதிரி உரிந்து வரும். எம்-சீல் அப்புவதையும் பார்த்திருக்கிறேன், நானும் அப்பியிருக்கிறேன். அது அடுத்த கசிவு வரைக்கும் வாங்கும் தவணை. வெட்டி எடுத்து, கப்ளிங் போட்டுப் புதிதாக ஒட்டுவதே வழி. அதற்கு இடம் வேண்டும் என்பதால், முதலிலேயே இரண்டு எல்போவுக்கு நடுவில் ஒரு சாண் நேர்ப் பைப் இருக்கும்படி போடுங்கள். எல்போவோடு எல்போவை ஒட்டிவிட்டால், ஒன்று கசிந்தாலும் இரண்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான். பம்புக்கு மேலே கழற்றி மாட்டும் யூனியன் இணைப்பு ஒன்று கட்டாயம், இல்லாவிட்டால் பம்பைக் கழுவ எடுக்கும்போதெல்லாம் பைப்பை வெட்ட வேண்டியிருக்கும்.

மரை போட்ட இணைப்பில் கசிந்தால் கழற்றி, பழைய டெஃப்லான் டேப்பைச் சுத்தமாக எடுத்து, மரை இறுகும் திசையிலேயே நாலைந்து சுற்று சுற்றிப் பூட்டுங்கள். ஸ்பேனரால் முறுக்கினால் பிளாஸ்டிக் மயிர்க்கோடாக விரிசல் விடும், அது உடனே தெரியாது.

கண்ணாடியில் டேங்க் நிப்பிள் போட்ட இடத்தில் ஈரம்

கண்ணாடித் துளையில் பைப்பைப் பூட்டும் இணைப்புதான் டேங்க் நிப்பிள். பத்துக்கு எட்டு தடவை அதன் வாஷர் தப்பான பக்கம் இருக்கும். ரப்பர் வாஷர் நிப்பிளின் தலைப் பக்கம், அதாவது தொட்டிக்கு உள்ளே, தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உட்கார வேண்டும். நட்டுப் பக்கம் போட்டால் தண்ணீர் மரை வழியாகவே இறங்கி வந்துவிடும். கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. அவ்வளவுதான். வாஷர் மேலே சிலிகான் தடவாதீர்கள், இறுக்கும்போது வாஷர் வழுக்கி ஒரு பக்கமாகப் பிதுங்கும்.

துளை இன்னும் போடவில்லை என்றால் ஒரு எச்சரிக்கை. சூடாக்கிக் கடினமாக்கிய டஃபன்ட் கண்ணாடியில் துளை போட்டால் கண்ணாடி மொத்தமும் மிளகு மிளகாகச் சிதறும். போலராய்டு கூலிங் கிளாஸ் ஒன்று இருந்தால் சோதிக்கலாம். கண்ணாடிக்குப் பின்னால் லேப்டாப்பின் வெள்ளைத் திரையை வைத்து, கூலிங் கிளாஸ் வழியாகத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். டஃபன்ட் என்றால் கறுப்புத் திட்டுகளோ வரிகளோ தெரியும். சாதாரணக் கண்ணாடியில் ஒன்றும் இருக்காது.

களகளவென்று சத்தம், அல்லது டாய்லெட் ஃப்ளஷ் போல விட்டுவிட்டு உறிஞ்சுகிறது

வீட்டில் முதல் புகார் இதற்குத்தான் வரும். என் மனைவி மூன்றாம் நாள் சொன்னது: "பாத்ரூம் பக்கத்துல படுத்திருக்கற மாதிரி இருக்குங்க."

இரண்டும் வேறு வேறு நோய். விடாமல் களகளத்தால் பைப்புக்குள் காற்று அதிகம் போகிறது. மூலைத் தடுப்புக்குள் தண்ணீர் மட்டம் மெல்ல ஏறி, சட்டென்று 'ஸ்ஸ்ர்ர்' என்று இறங்கி, மறுபடி ஏறினால் காற்று போதவில்லை. பைப் நிறைந்து, தண்ணீரைத் தானாகக் கீழே இழுக்கும் சைஃபன் பிடிக்கிறது, இருக்கிற தண்ணீரை உறிஞ்சித் தீர்க்கிறது, காற்று புகுந்ததும் அறுந்து போகிறது. திரும்ப முதலிலிருந்து.

இறங்கும் பைப்பின் தலை வெறுமனே திறந்திருந்தால் முதல் வேலை டர்ஸோ முறைக்கு மாற்றுவது. பைப்பின் உச்சியில் ஒரு டீ (T வடிவ இணைப்பு), அதன் பக்கவாயில் கீழ்நோக்கி ஒரு எல்போ, டீயின் மேல்வாயில் மூடி, மூடியில் சின்னத் துளை. தண்ணீர் எல்போ வழியாக மட்டத்துக்குக் கீழிருந்து நுழைவதால் மேலே சுழி விழாது. காற்று அந்தத் துளை வழியாக மட்டும் போகும். மூடியை ஒட்டாதீர்கள், பின்னால் திறக்க வேண்டி வரும்.

மற்ற எல்லாம் அந்தத் துளையின் அளவில்தான் இருக்கிறது. ஃப்ளஷ் ஆகிறதா, துளையை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்குங்கள். களகளக்கிறதா, பெரிதாகிவிட்டது, டேப் ஒட்டிப் பாதி மூடிப் பாருங்கள். டிரில் பிட்டோடு இந்த விளையாட்டை நான் நாலு மூடியில் ஆடினேன். பிறகுதான் சுலப வழி பட்டது: மூடித் துளையில் காற்று மோட்டாருக்குப் போடும் மெல்லிய ட்யூப்பைச் செருகி, அதன் நுனியில் பத்து ரூபாய் காற்று வால்வு ஒன்றைப் போட்டேன். திருகித் திருகிச் சத்தம் அடங்கும் இடத்தில் நிறுத்திவிடலாம்.

அதற்கும் அடங்காவிட்டால் மறுமுனையைப் பாருங்கள். பைப்பின் வாய் சம்பில் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் போகிறது? ஒரு இஞ்ச் போதும். அதற்கு மேல் முங்கியிருந்தால் உள்ளே மாட்டிய காற்று வெளியே போக முடியாமல் பைப்புக்குள்ளேயே மேலும் கீழும் முட்டும். தண்ணீருக்கு மேலே நின்றால் அருவிச் சத்தம். நடுவில் படுக்கையாகப் போகும் பைப் இருந்தால் அதுவும் காற்றைப் பிடித்து வைக்கும். அதைச் சரிவாக்குங்கள், ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 போடுங்கள்.

முற்றிலும் சத்தமே வேண்டாம் என்பவர்களுக்கு ஹெர்பி முறை. இரண்டு பைப்: ஒன்றில் பல சுற்று திருகி மெல்ல மூடும் கேட் வால்வு போட்டு, காற்றே இல்லாமல் முழு சைஃபனாக ஓட விடுவது. இன்னொன்று, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே வாய் வைத்துச் சும்மா நிற்கும் அவசரப் பைப். இதில் கால் சுற்றில் மூடும் பால் (ball) வால்வு உதவாது, கை அசைந்தாலே மட்டம் இரண்டு அங்குலம் மாறும். இரண்டாவது பைப்புக்குத் துளை இல்லாத தொட்டியில் இதை முயலவே வேண்டாம். வால்வில் ஒரு நத்தை மாட்டினால் போதும், ஹால் நனையும்.

கரண்ட் போனதும் சம்ப் வழிகிறது

பராமரிப்பு மின்தடை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகும் பகல் நேரத்தில் இது நடந்தால் பரவாயில்லை. எனக்கு நடந்தது விடிகாலை மூன்று மணிக்கு. மின்விசிறி நின்றதில் விழிப்பு வந்தது, கால் வைத்த இடமெல்லாம் ஈரம். காலையில் கீழ்வீட்டு அம்மா வந்து நின்றார்கள். "தம்பி, எங்க வீட்டு சீலிங்ல இந்தியா மேப் மாதிரி வந்திருக்குப்பா, மேல என்ன பண்றீங்க?"

நடந்தது என்னவென்றால், பம்ப் நின்றதும் ரிட்டர்ன் பைப் தலைகீழாக வேலை செய்யும். மேலே அதன் வாய் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் இருக்கிறதோ, அவ்வளவு தண்ணீரையும் சைஃபனாகக் கீழே இழுத்துவிடும். வாய் வெளியே தெரிந்து காற்றை விழுங்கினால்தான் நிற்கும்.

உங்கள் தொட்டிக்கும் கணக்குப் போட்டுவிடுங்கள். என் மேல் தொட்டி 122 செ.மீ. நீளம், 46 செ.மீ. அகலம். மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 5.6 லிட்டர். ரிட்டர்ன் வாய் 6 செ.மீ. ஆழத்தில் இருந்தது, ஆக 33 லிட்டருக்கு மேல் கீழே வரும். சம்ப் 76 செ.மீ.க்கு 30 செ.மீ., உயரம் 38. அதில் ஒரு சென்டிமீட்டருக்கு 2.3 லிட்டர்தான். நான் 28 செ.மீ. வரை நிரப்பி வைத்திருந்தேன், மிச்ச இடம் 10 செ.மீ., 23 லிட்டர். மீதி பத்து லிட்டர் சொச்சம், கிட்டத்தட்ட ஒரு குடம், தரைக்குப் போனது. பென்சிலும் பேப்பரும் எடுத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இதற்கு எல்லாரும் சொல்லும் மருந்து, தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு. போடுங்கள், ஆனால் நம்பாதீர்கள். அதன் மூடி உட்காரும் இடத்தில் கொஞ்சம் பாசியோ உப்போ ஒரு குட்டி நத்தையோ இருந்தால் முழுசாக மூடாது. புதிதில் கச்சிதமாக மூடும், ஆறு மாதம் கழித்துக் கைவிடும். நம்பக் கூடியது வாயின் உயரம்தான். நான் ரிட்டர்ன் வாயை மட்டத்துக்கு ஒன்றரை செ.மீ. கீழே தூக்கி வைத்தேன். இப்போது வருவது எட்டு லிட்டர் சொச்சம், சம்ப் அதை அலட்டிக்கொள்ளாமல் வாங்கிக்கொள்கிறது. வாயை உயர்த்த முடியாவிட்டால், மட்டத்துக்குச் சற்றுக் கீழே ரிட்டர்ன் பைப்பில் 4 மி.மீ. துளை ஒன்று போடலாம். மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். அந்தத் துளையில் பாசி அடைக்கும், வாரம் ஒருமுறை பல் குத்தும் குச்சியால் குத்திவிட வேண்டும்.

சோதனை: பம்பை நிறுத்துங்கள், எல்லாத் தண்ணீரும் இறங்கி முடியும்வரை காத்திருங்கள். அந்த நிலையில் சம்பின் விளிம்புக்கு ஐந்து செ.மீ. கீழே நிற்கும்படி தண்ணீரின் அளவைச் சரி செய்யுங்கள். பிறகு பம்பைப் போட்டு, ஓடும்போது மட்டம் எங்கே நிற்கிறது என்று சம்பின் வெளியே மார்க்கரால் கோடு கிழியுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது, நல்லெண்ணத்தில் ஊற்றும் மாமனார் உட்பட.

கரண்ட் வந்ததும் மேல் தொட்டி வழிகிறது

பம்ப் தள்ளுகிறது, இறங்கும் பைப் வாங்கவில்லை. மூலைத் தடுப்பின் பல்வரிசையில் இலையோ செத்த மீனோ அடைத்திருக்கலாம், இல்லாவிட்டால் பைப்புக்குள் காற்று பூட்டியிருக்கலாம். பல்வரிசையைச் சுத்தம் செய்து, இறங்கும் பைப்பின் மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். இறங்கும் பைப் ரிட்டர்னைவிடக் கண்டிப்பாகப் பெரிதாக இருக்க வேண்டும். எனக்கு மேலேறுவது முக்கால் இஞ்ச், இறங்குவது ஒன்றேகால்.

காப்பு ஒன்று உண்டு. சம்பில் பம்ப் நிற்கும் அறையைச் சின்னதாக வையுங்கள். என்னுடையதில் பம்ப் வாய்க்கு மேலே இருக்கும் தண்ணீர் ஆறு லிட்டர்தான். இறங்கும் பைப் மொத்தமாக அடைத்தாலும் பம்ப் அந்த ஆறு லிட்டரை மேலே அனுப்பிவிட்டுக் காற்றை இழுக்கும். மேலே ஒரே ஒரு சென்டிமீட்டர் ஏறும். விளிம்புக்கு மூன்று செ.மீ. விட்டிருந்தால் தரைக்கு ஒரு சொட்டு வராது. பம்ப் காய்ந்து ஓடிக் கத்தும், அந்தச் சத்தத்துக்கு எழுந்துகொள்ளலாம்.

தண்ணீர் வரத்து குறைவு

பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, உயரமே ஏற்றாமல் தள்ளினால் வருவது. சம்பிலிருந்து தொட்டி விளிம்பு வரை நாலடி ஏற்றி, நாலு எல்போ தாண்டி வரும்போது அதில் பாதி வந்தாலே சந்தோஷப்படலாம். ரிட்டர்ன் வாயில் பத்து லிட்டர் பக்கெட்டைப் பிடித்து எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள், 36,000-ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 24 விநாடி என்றால் 1,500. 250 லிட்டர் தொட்டிக்கு அது தாராளம்.

முன்பு நன்றாக வந்து இப்போது குறைந்திருந்தால் பம்பைக் கழற்றி, உள்ளே சுழலும் இம்பெல்லரைப் பாருங்கள். உப்புப் படிந்திருந்தால் வினிகரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். பீங்கான் தண்டு இருந்தால் மெதுவாக, கிள்ளினாலே உடையும். கரண்ட் வந்தும் பம்ப் உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்பதற்கும் இதே வைத்தியம்தான்.

தொட்டி முழுக்கப் பொடிக் குமிழி

பம்ப் அறையில் மட்டம் இறங்கிக் காற்றை இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆவியாகும் தண்ணீர் எல்லாம் அந்த ஒரு அறையில்தான் குறையும், சித்திரை வெயிலில் எனக்கு ஒரே நாளில் மூன்று லிட்டர் போகும். மட்டம் சரி என்றால், இறங்கும் தண்ணீர் பம்ப் அறைக்குப் பக்கத்தில் விழுகிறது. நடுவில் ஒரு தடுப்பு கூடப் போடுங்கள். புதுத் தொட்டியில் முதல் சில நாள் காரணமில்லாமலும் வரும், விட்டுவிடுங்கள்.

ஸ்டாண்ட் முழுக்க ரீங்காரம்

பைப் எங்கோ மரத்தைத் தொடுகிறது. கையால் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பாருங்கள், சத்தம் மாறும் இடத்தில் பழைய சைக்கிள் ட்யூப்பை வெட்டிச் செருகுங்கள். பம்புக்கும் பைப்புக்கும் நடுவில் ஒரு சாண் ரப்பர் ஹோஸ், அடியில் ஸ்பாஞ்ச். முடிந்தது.

தண்ணீரில் கை வைத்தால் சுர்ரென்கிறது

கையை எடுங்கள். மெயினை அணைத்துவிட்டு எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். கசியும் பம்பைத் தூக்கிப் போடுங்கள், டேப் சுற்றி ஓட்டுவது வேண்டாம். இந்த லைனுக்கு, கரண்ட் கசிந்தால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குப் போகும் முன் அதைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கட்டும், ஒயரில் வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

எங்கேயும் கசிவு தெரியவில்லை, ஆனால் தரை ஈரம்

இது என்னை மூன்று நாள் படுத்தியது. எல்லா இணைப்பிலும் டிஷ்யூ சுற்றிப் பார்த்தேன், எதுவும் நனையவில்லை. ஸ்டாண்டின் பின்கால் பக்கத்தில் மட்டும் தினமும் காலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அடிக் கண்ணாடியே விட்டுவிட்டது, தொட்டியைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று பக்கெட்டுகளை எடுத்து வைத்துவிட்டேன். கடைசி முயற்சியாக அந்த இடத்தைத் துடைத்து ஒரு எவர்சில்வர் தட்டை வைத்தேன். காலையில் ஒரு கரண்டித் தண்ணீர் இருந்தது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை முதலில் தொட்டியில் விட்டேன், 640. தட்டில் விட்டேன், 28.

பக்கெட்டுகளைத் திரும்ப மாடிக்கு எடுத்துப் போய் வைத்துவிட்டு, ஏசி மெக்கானிக்குக்கு போன் போட்டேன். சுவருக்குப் பின்னால் போகும் டிரெயின் ட்யூப் அடைத்திருந்ததாம்.